கத்தியை வென்ற குடவோலை

மயக்க மருந்தின் பிடி மெல்லத் தளர்கிறது. கண் திறக்கிறாள் ஒரு பெண். அவள் கை முதலில் செல்வது எங்கே? மார்புக்கு! அங்கே தடித்த கட்டு. கட்டுக்குள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அந்தக் கை தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவைக்கு முன்னர் அவளிடம் ஒரு தாளில் கையொப்பம் பெற்றிருந்தார்கள். கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்போம். நஞ்சற்றது எனில் தையலிட்டு அனுப்பிவிடுவோம். புற்று எனில், மயக்கம் தெளியும் முன்னரே செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிடுவோம் என்பது அந்தத் தாளின் பொருள். இழக்கப் போகிறவள் அவள். ஆனால், எதை இழப்பது என்று முடிவெடுக்கும் வேளையில் அந்த அறையிலே உறங்கிக்கொண்டிருப்பவளும் அவள் ஒருத்தியே!

இருண்ட காலத்துக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். காட்டுமிராண்டிகள் வாழும் தீவிலே நடந்ததென்றும் கருத வேண்டாம். அமெரிக்க நாட்டின் பேர்பெற்ற மருத்துவமனைகளில், பட்டம் பல பெற்ற வித்தகர்களின் கரங்களால், 1970-க்குப் பின்னரும் அன்றாடம் நடைபெற்றது இது.

நீக்கப்பட்டது மார்பகம் மட்டும்தானா? அதனடியில் விலா எலும்புகளைப் போர்த்தி நிற்கும் பெரிய தசை, அதற்கும் அடியிலுள்ள சிறிய தசை, அக்குளில் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர்க் கணுக்கள் முழுவதும் – இத்தனையும் ஒரே பிண்டமாக அரிந்தெடுக்கப்பட்டன. பிழைத்தெழுந்த பெண்ணின் மார்பில் தோலுக்கடியில் விலா எலும்புகளை எண்ணலாம். தோள் குழிந்துவிடும். பலருக்குக் கை வீங்கிக் கனத்துத் தொங்கும். தலை வாரக் கை உயராது. உயிர் மிஞ்சியதே, அது போதாதா என்றனர் மருத்துவர்கள். உயிர் மிஞ்சியது இந்த அறுவையினால்தானா? இந்தக் கேள்வியைத்தான் முக்கால் நூற்றாண்டுக் காலம் எவரும் முறைப்படி கேட்கவில்லை.

இந்த முறையை நிலைநாட்டியவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். பால்டிமோர் நகரில் 1889-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவத் தலைவர். சிறியவரல்லர், அவரைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமும் அன்று. அறுவை அறையில் ரப்பர் கையுறை புகுந்தது அவரால்தான். கிருமிகொல்லி மருந்து பட்டுக் கை புண்ணாகி வருந்திய செவிலி ஒருவருக்காகச் செய்வித்த கையுறை அது. பின்னர் அந்தச் செவிலியையே மணந்துகொண்டார். கொக்கெயின் உடலை மரக்கச் செய்யுமா என்று தம் உடம்பிலேயே குத்திப் பார்த்து, அந்தப் பழக்கத்துக்கு அடிமையாகி, அதிலிருந்து மீள மார்ஃபினுக்கு அடிமையானவர். சோதனைக்குத் தம் உடலையே கொடுத்த மனிதர்! ஆனால், தம் கொள்கையைச் சோதனைக்குக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

கொள்கை என்ன? புற்று ஒரு மரம். மார்பகத்தில் வேர் விடுகிறது. அங்கிருந்து படிப்படியாக, ஒழுங்காக, அக்குள் கணுக்களுக்குச் செல்கிறது. பிறகே உடலெங்கும் பரவுகிறது. ஆகவே வேரோடு பிடுங்கு! அந்த அறுவைக்கு அவர்கள் சூட்டிய 'ரேடிகல்' என்ற பெயரே வேர் எனும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1894-இல் 50 நோயாளிகளின் கணக்கை அவர் வெளியிட்டார். அறுத்த இடத்திலேயே கட்டி மீண்டும் முளைப்பது, ஐரோப்பிய மருத்துவர்களின் நோயாளிகளைவிட அவருடையவர்களிடம் மிகக் குறைவு. உண்மை அது. அந்நாளில் பெண்கள் மருத்துவரிடம் வருவதே கட்டி முற்றி, புண்ணாகிப் புரையோடிய பிறகுதான் என்பதையும் மறத்தலாகாது. அத்தகையோருக்கு அந்தப் பெரிய கத்தி ஓரளவு ஆறுதல் தந்திருக்கும். அறுத்த இடத்தில் நோய் திரும்பவில்லை, சரி. நோயாளி நீண்ட நாள் வாழ்ந்தாளா? அது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதியதில்தான் பிழை பிறந்தது.

அவர் 1922-இல் மறைந்தார். மாணவர்கள் பேராசிரியர்களாயினர், அவர்தம் மாணவர்களும் பேராசிரியர்களாயினர். ஆசான் சொன்னது பாடமாயிற்று, பாடம் சட்டமாயிற்று. நோயாளி பிழைத்தால், கண்டீரா கத்தியின் பெருமையை என்றனர். இறந்தாலோ, இன்னும் ஆழமாக அறுத்திருக்க வேண்டும் என்றனர்! பிழைத்தாலும் வெற்றி, இறந்தாலும் அதற்கே வெற்றி. தோற்கவே வழியில்லாத ஒரு கொள்கையை எந்தக் கூண்டில் நிறுத்தி விசாரிப்பது? இரண்டாம் உலகப் போருக்குப் பின், மயக்க மருந்தும் இரத்தம் ஏற்றும் வசதியும் வளர்ந்தவுடன், சிலர் விலா எலும்பை வெட்டி மார்புக்கூட்டுக்குள்ளும் கத்தியைச் செலுத்தினர். விஞ்ஞானம் வளர்ந்தது, அதன் துணையோடு விசாரணையற்ற நம்பிக்கையும் வளர்ந்தது!

மறுத்துப் பேசினோர் இல்லாமலில்லை. லண்டனில் பார்த்தலோமியு மருத்துவமனையைச் சேர்ந்த ஜெஃப்ரி கெயின்ஸ் – பொருளாதார மேதை கெயின்ஸின் தம்பி – மார்பகத்தை அகற்றாமல், கட்டியைச் சுற்றி ரேடியம் ஊசிகளைச் செருகி மருத்துவம் செய்தார். 1937-இல் முடிவுகளை வெளியிட்டார். பெரிய அறுவைக்குக் குறையாத பலன்! எடின்பரோவின் மக்விர்ட்டர் 1948-இல், மார்பகத்தை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தந்தால் போதும் என்றார். அமெரிக்காவிலேயே கிளீவ்லந்து நகரின் ஜார்ஜ் கிரைல், 1955-இல் தசையறுக்கும் கத்தியைக் கீழே வைத்தார். கடல் ஆய்வாளரும் எழுத்தாளருமான ரேச்சல் கார்சன் 1960-இல் இந்தப் பெரிய அறுவைக்கு உள்ளானவர். புற்றுதானா என்று கேட்ட அவருக்கே உண்மையை மறைத்தார் மருத்துவர். நோய் பரவிவிட்டதென்ற மெய்யை அவர் அறிந்தது கிரைலிடம் சென்ற பிறகுதான். பூச்சிமருந்துகளின் கேட்டை உலகுக்கு உரைத்த நூலை அந்த நோயோடு போராடிக்கொண்டே எழுதி முடித்து, 1964-இல் மறைந்தார்.

இவர்கள் ஏன் வெல்லவில்லை? ஒப்பிடும் முறை சரியில்லை. ஆற்றங்கரை வயலில் ஓர் எருவையும் கரட்டு நிலத்தில் மற்றோர் எருவையும் இட்டு, எது சிறந்ததென்று கூறுபோட முடியுமா? கட்டி சிறிதாக உள்ளவளைத் தேர்ந்தெடுத்துச் சிறிய அறுவை செய்து, பார் பிழைத்தாள் என்றால், எதிர்த் தரப்பினர் நகைக்கமாட்டார்களா? நகைத்தனர். ஆனால், அதே குறை தம் கணக்கிலும் உண்டென்பதை அவர்கள் உணர்ந்தாரில்லை. நெடுநாள் பிழைக்கக் கூடியவர்களைப் பொறுக்கியெடுத்துப் பெரிய அறுவை செய்து பெருமை கொண்டனர்.

எருவைச் சொன்னது வீணாகவல்ல. இதற்கு விடை வந்ததும் வயலிலிருந்துதான். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் எனும் கணித அறிஞர், 1920-க்குப் பின்னான ஆண்டுகளில் ஒரு வழி கண்டார். எந்தப் பாத்திக்கு எந்த எரு என்பதை உழவன் தீர்மானிக்கக் கூடாது, ஆராய்ச்சியாளனும் தீர்மானிக்கக் கூடாது; சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாய்ப் பங்காகிவிடும். மிஞ்சும் வேறுபாடு எருவினுடையது! பிராட்ஃபோர்டு ஹில் இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று இம்முறையில் ஆய்ந்த முடிவு 1948-இல் வெளியாயிற்று.

நமக்குப் புதியதா இது? உத்திரமேரூர்க் கல்வெட்டிலே, பராந்தக சோழன் காலத்தில், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறையைப் படித்திருக்கிறோம். வேண்டியவன் வேண்டாதவன் என்ற விருப்பு வெறுப்பைச் சீட்டு அறியாது. (யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்பதற்கு அங்கே எழுப்பியிருந்த வேலிகள் தனிக் கட்டுரைக்கு உரியவை.) அது மட்டுமா? நம் சென்னையிலேயே 1956-இல் காசநோய் மருந்தாய்வு மையம் நிறுவப்பட்டது. நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் காக்க வேண்டுமா, வீட்டில் இருந்தபடியே மருந்துண்டால் போதாதா என்ற கேள்விக்குச் சீட்டின் மூலமே விடை தேடினர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. நல்லுணவும் காற்றும் ஓய்வும் குறைந்த ஏழையின் குடிசையில் உண்ட மருந்தும், சானடோரியத்தில் உண்ட மருந்துக்கு ஏறத்தாழ நிகராகவே பலித்தது. வீட்டிலிருந்தோருக்கும் அதனால் கூடுதல் தீங்கில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்குச் சென்னையின் ஏழை நோயாளிகள் காட்டிய சான்று ஒரு காரணம்.

மார்பகத்துக்கு வருவோம். பிட்ஸ்பர்க் நகரில் 1918-இல் பிறந்த பெர்னார்டு ஃபிஷர் (வேளாண் ஃபிஷருக்கு இவர் உறவல்லர்) தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து விலங்குகளில் ஆய்ந்து, வேறொன்று கண்டார். புற்றணுக்கள் வரிசையில் நின்று கணுவுக்குப் போவதில்லை. கணுவைக் கடந்தும் செல்கின்றன, குருதியிலும் கலக்கின்றன. சில பெண்களுக்குக் கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே நோய் உடலில் பரவியிருக்கும்; கத்தி எவ்வளவு ஆழ்ந்தாலும் அதை எட்டாது. வேறு சிலருக்குப் பரவியிராது. அவர்களுக்குச் சிறு அறுவையே போதும். அப்படியானால் அந்தப் பெரிய அறுவை யாருக்கு?

கேள்வி கூரியது. ஆனால், இன்னொரு கொள்கையை எடுத்து வந்து, பழையதை எறி, இதை நம்பு என்று அவர் சொல்லவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்றார். பல மருத்துவமனைகள் கூடி அமைத்திருந்த ஆய்வுக் குழுவுக்கு 1967-இல் தலைவரானார். 1971-இல் ஆய்வு தொடங்கிற்று. கணுக்களில் நோய் தட்டுப்படாத பெண்களுக்கு மூன்று வழிகள்: தசையோடு அறுக்கும் பழைய பெரிய அறுவை, மார்பகத்தை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு, மார்பகத்தை மட்டும் அகற்றிவிட்டு, கணு பின்னர் வீங்கினால் அப்போது எடுப்பது. யாருக்கு எது? சீட்டு சொல்லும்.

இங்கேதான் சற்று நிற்க வேண்டும். ஃபிஷரின் துணிவு பெரிதென்று நூல்கள் எழுதுகின்றன. பெரிதுதான். அந்தப் பெண்ணின் துணிவை எண்ணிப் பாருங்கள்! புற்று என்று கேட்ட நாளிலிருந்து உறக்கமில்லை. மருத்துவர் தெய்வமாகத் தெரிய வேண்டிய வேளை. அவரோ, எது நல்லதென்று எனக்குத் தெரியாது. சீட்டில் எது வருகிறதோ அதைச் செய்யலாமா என்று கேட்கிறார். என் தாயாருக்குத் தசையோடு எடுத்தார்களே, எனக்கு அரைகுறையாகச் செய்து கொன்றுவிடுவார்களோ என்று ஒருத்தி அஞ்சியிருக்கமாட்டாளா? சிறிய அறுவை கிடைக்குமென்று வந்தேன், பெரியது விழுந்துவிட்டதே என்று மற்றொருத்தி கலங்கியிருக்கமாட்டாளா? அத்தனையையும் தாண்டி 1,665 பெண்கள் அந்த ஆய்வுக்குள் வந்தனர்.

மருத்துவர்கள்? பலர் வரவில்லை. தம் நோயாளியிடம் "தெரியாது" என்று சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. மார்பை அரியத் தயங்காத கை, நான்கே எழுத்துகள் கொண்ட அந்தச் சொல்லைச் சொல்ல நடுங்கியது! மருத்துவருக்கும் நோயாளிக்குமுள்ள உறவு கெடும் என்பது அவர்கள் காட்டிய காரணம். உறவு எதன்மேல் கட்டப்பட்டிருந்ததென்பது அதிலிருந்தே விளங்குகிறது.

1974-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டுக்கு மார்பில் புற்று கண்டு, பழைய பெரிய அறுவையே செய்தனர். அதே நாள்களில் ஆய்வின் தொடக்க முடிவுகள் வெளியாயின: மூன்று வழிகளுக்குமிடையே வேறுபாடு தென்படவில்லை! அவசரப்பட்ட முடிவு என்றனர் எதிர்ப்பாளர். 10 ஆண்டு கழித்துப் பார்த்தனர், அதே விடை. 25 ஆண்டு கழித்து, 2002-இல் பார்த்தனர், அதே விடை. இன்னொன்றும் வெளியாயிற்று. கணுக்களை எடுத்த பெண்களில் நூற்றுக்கு 40 பேரளவில் கணுக்களில் புற்று இருந்தது. சீட்டினால் பங்கிட்டமையால், கணுக்களை எடுக்காமல் விட்ட பெண்களிலும் ஏறத்தாழ அத்தனை பேருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால், பின்னர் கணு வீங்கி எடுக்க நேர்ந்தது ஐந்தில் ஒருவருக்கும் குறைவே. விட்டுவைத்தது விதையாகிப் பரவும் என்ற அச்சத்தின் அடித்தளமே ஆட்டங்கண்டது.

மார்பகத்தையே காத்தால் என்ன? இத்தாலி நாட்டு மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973-இல் இதைத் தொடங்கினார். சிறு கட்டியுடைய 701 பெண்கள். பாதிப் பேருக்குப் பெரிய அறுவை. மற்றோருக்குக் கட்டியிருந்த கால் பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு. ஃபிஷர் 1976-இல் இன்னும் சிறிய அறுவையைச் சோதிக்க முனைந்தார்: கட்டியை மட்டும் எடுப்பது, கட்டியை எடுத்துக் கதிர்வீச்சு தருவது, மார்பகத்தை முழுதும் எடுப்பது.

பெண்கள் மெதுவாகவே சேர்ந்தனர். அப்போது ஒரு மாற்றம் செய்தனர். எல்லாவற்றையும் விளக்கி, ஒப்புதல் பெற்று, பின்னர் சீட்டெடுப்பது முந்தைய முறை. இப்போதோ முதலில் சீட்டெடுத்துவிட்டு, உனக்கு இது வந்திருக்கிறது, சம்மதமா என்று கேட்டனர். மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. சேர்ந்தோர் தொகையும் பெருகிற்று. எனினும், எடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் மருத்துவரின் நா அந்தச் சீட்டின் பக்கம் சாயாதா? விளைந்த நன்மை பெரிது என்பதற்காக இந்தக் கேள்வியை விழுங்கிவிட இயலவில்லை.

இறுதியில் 2,163 பெண்கள். 20 ஆண்டு கழித்து வெளியிட்ட கணக்கு இது: கட்டியை மட்டும் எடுத்தோரில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் புற்று திரும்பிற்று, கதிர்வீச்சும் பெற்றோரில் நூற்றுக்கு 14 பேருக்கு. ஆனால், உயிர் வாழ்ந்த காலத்தில் மூன்று பிரிவினருக்குமிடையே வேறுபாடில்லை. மிலானிலும் உயிர்க் கணக்கு சமமே.

பெண்கள் சீட்டுக்குக் காத்திருந்தோர் மட்டுமல்லர். ரோஸ் குஷ்னர் எனும் பத்திரிகையாளர் 1974-இல் தம் மார்பில் கட்டி கண்டபோது, துண்டெடுத்துப் பார்ப்பது ஒரு நாள், அறுவை வேறொரு நாள். இடையில் நான் விழித்திருந்து முடிவெடுப்பேன் என்று மருத்துவர் மருத்துவராக அலைந்தார். எழுதினார், கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டார். 1979-இல் அமெரிக்க அரசின் நலவாழ்வு நிறுவனம் கூட்டிய அறிஞர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். பழைய பெரிய அறுவைக்கு மாற்று உண்டென்றும், இரு கட்டமாகச் செய்வதே பொருந்துமென்றும் அந்தக் குழு அறிவித்தது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலம், எல்லா வழிகளையும் நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. ஆய்வின் எண்களும் பெண்களின் குரலும் சேர்ந்தே அந்தக் கத்தியைக் கீழிறக்கின.

பின்னும் ஒரு சூறாவளி. மான்ட்ரியல் நகர மருத்துவர் ஒருவர், ஆய்வுக்குத் தகுதியில்லாத பெண்களைச் சேர்ப்பதற்காக நாள்களையும் குறிப்புகளையும் திருத்தியிருந்தார். 1994-இல் செய்தி ஏடுகளில் வெடித்தது. மார்பகத்தைக் காத்துக்கொண்ட பெண்கள் நடுங்கினர்: பொய்க் கணக்கை நம்பி உயிரை அடகு வைத்தோமோ? காலத்தில் வெளியிடவில்லை என்று ஃபிஷர் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1997-இல்தான் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். அந்த மருத்துவமனையின் நோயாளிகள் அத்தனை பேரையும் நீக்கிவிட்டுக் கணக்கை மீண்டும் போட்டனர். முடிவு மாறவில்லை. ஒருவர் பொய்த்தால் கண்டுபிடிக்கலாம், அவர் பங்கைக் கழித்துவிட்டும் பார்க்கலாம். ஹால்ஸ்டெட்டின் வழியில் இந்த வாய்ப்பு ஏது?

ஆய்வு என்றாலே நம் மக்கள் அஞ்சுகின்றனர். எங்களைச் சோதனை எலியாக்குகிறீர்களா என்கின்றனர். அச்சத்துக்குக் காரணமில்லையென்று கூறமாட்டேன். ஹால்ஸ்டெட் பணியாற்றிய அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவரின் பொருள், 1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் வாய்ப்புற்று நோயாளிகளின் கட்டிகளில் செலுத்தப்பட்டது. உரிய அனுமதி பெறவில்லை என்பதை 2001-இல் அந்தப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. அறியாதவன் உடலில் செய்வது ஆய்வன்று, அக்கிரமம். 2009 முதல் நம் நாட்டில் ஒவ்வொரு மருத்துவ ஆய்வும் பொதுப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும், தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. உங்களிடம் தாளை நீட்டினால், எந்த இரண்டை ஒப்பிடுகிறீர்கள், சேராவிட்டால் எனக்கு என்ன மருத்துவம், நடுவில் விலகலாமா, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள், தமிழிலே விடை வரட்டும்.

சீட்டு எப்போதும் சிறிய கத்திக்கே தீர்ப்பளிக்கும் என்றும் எண்ண வேண்டாம். வெற்றிலையோடும் தனியாகவும் புகையிலை மெல்லும் நம் நாட்டில் வாய்ப்புற்று மலிந்து கிடக்கிறது. நோய் தொடக்கநிலையில் இருக்கையில், வாயிலுள்ள கட்டியோடு கழுத்துக் கணுக்களையும் அப்போதே எடுப்பதா, வீங்கிய பின் எடுக்கலாமென்று காத்திருப்பதா? மார்பகத்தின் பாடத்தைக் கற்றவர்கள், காத்திருக்கலாமே என்றுதான் சொல்வார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2004 முதல் நோயாளிகள் இந்தக் கேள்விக்குத் தம்மைத் தந்தனர். முதல் 500 பேரின் முடிவுகளை எண்ணினர். மூன்றாண்டு முடிவில், அப்போதே எடுத்தோரில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடிருந்தனர். காத்திருந்தோரில் 67 அல்லது 68 பேர். 2015-இல் உலகம் இதைப் படித்தது. அதற்கு முன்பே, இனி எவரையும் காத்திருப்போர் பக்கத்தில் சேர்ப்பது முறையன்று என்று, மும்பையில் சீட்டெடுப்பை நிறுத்திவிட்டனர்.